ஈவு, விலை, ஆட்டம்: 17ஆம் நூற்றாண்டு ஆம்ஸ்டர்டாமில் பங்கு வணிகரின் மனம்

பங்குச் சந்தையில் ஒருவர் எதற்காக இறங்குகிறார் என்று கேட்டால், பணம் ஈட்டுவதற்காக என்பதே எக்காலத்திலும் கிடைக்கும் விடை. அந்த ஒற்றை விடைக்குள் ஒன்றோடொன்று எளிதில் பொருந்தாத மூன்று நோக்கங்கள் அடங்கியிருக்கின்றன: ஒரு தொழிலின் ஆதாயத்தில் பங்கு பெறுவது, வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் இடையிலான வேறுபாட்டைப் பெறுவது, விலை ஏறி இறங்கும் ஆட்டத்திலேயே தொடர்ந்து இருந்துகொண்டிருப்பது. இம்மூன்றும் முதன்முதலாக ஒரே முற்றத்தில் கூடியதும், அவற்றைப் பிரித்தறிந்து ஒரு நூல் எழுதப்பட்டதும் 17ஆம் நூற்றாண்டின் ஆம்ஸ்டர்டாம் நகரில்தான். ஒரு செயலைத் தொடங்கவும் தொடரவும் மனிதரைத் தூண்டும் உள்விசையை உளவியலாளர் உந்துதல் என்பர். வணிகரின் உந்துதல் நலமுள்ளதாக இருப்பதும் கெடுவதும் அவரவர் குணத்தைப் பொறுத்தது என்றே பொதுவாகக் கருதப்படுகிறது. ஆம்ஸ்டர்டாமின் பங்கு வணிக வரலாறோ, ஒப்பந்தத்தின் அளவும் தவணையும் தீர்வுமுறையும் மாறும்போது அதைக் கையாளும் மனிதரின் நோக்கமும் கூடவே மாறிவிடுகிறது என்பதைக் காட்டுகிறது.

திரும்பப் பெற முடியாத முதலீடு

டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1602 மார்ச் 20 அன்று அரசின் சாசனம் பெற்றுத் தோன்றியது. அதற்கு முன்பு கிழக்குக் கடல்களுக்குச் சென்ற வணிகக் குழுக்கள் ஒவ்வொரு பயணத்துக்கும் தனியாக முதல் திரட்டி, கப்பல் திரும்பியதும் சரக்கை விற்று, கணக்கு முடித்துக் கலைந்துவிடுவது வழக்கம். புதிய கம்பெனி அவ்வாறு கலைவதாக இல்லை. ஆறு நகரங்களில் கிளை மன்றங்கள் அமைத்து அது திரட்டிய சுமார் 64 லட்சம் கில்டர் (டச்சு நாணயம்) முதலில் பாதிக்கும் மேற்பட்ட தொகையை ஆம்ஸ்டர்டாம் மன்றமே பெற்றது. நாட்டில் வசிக்கும் எவரும் எத்தொகையையும் முதலிடலாம் என்று சாசனம் அனுமதித்திருந்ததால், டிர்க் வான் ஓஸ் என்ற இயக்குநரின் வீட்டில் வைக்கப்பட்டிருந்த பதிவேட்டில் பெருவணிகரின் பெயர்களோடு, அவ்வீட்டுப் பணிப்பெண் நீல்ட்கென் கார்னெலிஸ் 100 கில்டர் கட்டச் சம்மதித்த குறிப்பும் இடம்பெற்றது. ஆம்ஸ்டர்டாமில் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அவ்வாறு பெயர் பதிந்தனர்.

இவர்களின் தொடக்க நோக்கம் ஈவு, அதாவது கம்பெனி தன் ஆதாயத்தைப் பங்குதாரருக்குப் பகிர்ந்தளிக்கும் தொகை. அதற்கு அவர்கள் நெடுங்காலம் காத்திருக்க நேர்ந்தது. முதல் ஈவு 1610இல்தான் வந்தது. அதுவும் பெரும்பகுதி ஜாதிபத்திரியாகவும் மிளகாகவும் வந்ததால், பங்குதாரர் அதை விற்றுக் காசாக்க வேண்டியிருந்தது. பத்தாண்டு முடிந்ததும் கணக்குத் தீர்த்து, விரும்புவோருக்கு முதலைத் திருப்பித் தருவதாகச் சாசனம் கூறியிருந்தும், 1612இல் அது நிறைவேற்றப்படவில்லை. இட்ட பணத்தைக் கம்பெனியிடமிருந்து பெற வழியில்லாத ஒருவருக்கு எஞ்சியிருந்தது, தம் பங்கை வேறொருவருக்கு விற்பது மட்டுமே. விற்பவரும் வாங்குபவரும் கம்பெனியின் கணக்கர் முன் தோன்றிப் பெயரை மாற்றிக்கொள்ளலாம் என்ற விதி முதல் பதிவேட்டிலேயே எழுதப்பட்டிருந்தது. கம்பெனி முதலைத் திருப்பித் தர மறுத்தபின் அவ்விதி ஒரு தொழிலாகவே வளர்ந்தது. விலை வேறுபாட்டை நாடும் இரண்டாவது நோக்கம் இவ்வாறு, பேராசையால் தோன்றுவதற்கு முன்பே, ஒரு தேவையிலிருந்து பிறந்தது.

விலையைத் தீர்மானித்த செய்திகள் மிகத் தொலைவிலிருந்து வந்தன என்பது இங்குக் கருதத்தக்கது. இந்தோனேசியத் தீவுகளில் நறுமணப் பொருள்களைப் பெறுவதற்குச் சோழமண்டலக் கரையின் துணிகளே முதன்மையான மாற்றுப் பண்டமாக இருந்ததால், கம்பெனி பழவேற்காட்டில் கெல்ட்ரியா கோட்டையை 1613இல் அமைத்தது. 1658இல் நாகப்பட்டினத்தைப் போர்ச்சுகீசியரிடமிருந்து கைப்பற்றியது. இக்கரை நெசவாளரின் தறியிலிருந்து ஆம்ஸ்டர்டாம் பங்குதாரரின் ஈவு வரையில் நீண்ட சங்கிலியில் எந்தக் கண்ணி அறுந்தாலும் அச்செய்தி ஐரோப்பாவை எட்டப் பல மாதங்கள் ஆயின. அந்த இடைவெளியில் எதிர்பார்ப்பும் அச்சமும் வதந்தியும் மட்டுமே சந்தையில் உலவின. அறிவதற்கு ஒன்றும் இல்லாத நாள்களிலும் விலை அசைந்துகொண்டே இருந்தது.

காற்றை விற்றவர்கள்

கையில் இல்லாத பங்கைக் குறித்த தவணையில் தருவதாக இன்றே விற்றுவிட்டு, விலை இறங்கியபின் வாங்கிக் கொடுத்து ஆதாயம் காணும் முறையை முதலில் பெரிய அளவில் கையாண்டவர் ஐசக் லெ மேர். கம்பெனியின் மிகப் பெரிய பங்குதாரர்களில் ஒருவராகவும் இயக்குநராகவும் இருந்து, பிணக்குற்று வெளியேறிய இவர், 1609இல் சிலரைச் சேர்த்துக்கொண்டு ஒரு கூட்டு அமைத்து இவ்விதமாக விற்கத் தொடங்கினார். விலை சரிந்தது, விதவைகளும் அநாதைகளும் இழப்புக்குள்ளாவதாகக் கூறி இயக்குநர்கள் அரசிடம் முறையிட்டனர், கைவசம் இல்லாத பங்கை விற்பதை 1610 பிப்ரவரியில் அரசு தடை செய்தது. இத்தகைய விற்பனைக்கு டச்சு மக்கள் காற்று வணிகம் என்று பெயரிட்டனர்.

லெ மேரின் கதையில் உளவியல் நோக்கில் பொருள் நிறைந்த பகுதி, அவரது உந்துதலில் பணமும் பகையும் பிரிக்க முடியாமல் கலந்திருந்ததே. தமக்குத் தீங்கிழைத்ததாக அவர் கருதிய நிறுவனத்தின் வீழ்ச்சியிலிருந்து ஆதாயம் பெறுவது அவருக்கு ஒரு வணிகமாகவும் ஒரு வஞ்சினமாகவும் இருந்தது. விலை எதிர்பார்த்தபடி இறங்காதபோது கணக்கை முடித்துக்கொண்டு விலகுவதற்கு, வணிகம் மட்டுமே நோக்கமாக உள்ளவருக்குத் தடையேதும் இல்லை. வஞ்சினம் உள்ளவருக்கு விலகுவது தோல்வியை ஒப்புக்கொள்வதாகிவிடுகிறது. அந்தக் கூட்டு நொடித்தது. அதில் இருந்தோர் சிலர் கடனாளிகளாயினர்.

தடையாணை காற்று வணிகத்தை ஒழிக்கவில்லை. அது 1620களிலும் 1630களிலும் புதுப்பிக்கப்பட்டதே அதன் செல்வாக்கின்மைக்குச் சான்று. ஆணையின் விளைவு வேறு விதமாக அமைந்தது: கைவசமில்லாத பங்கை விற்றவரிடமிருந்து வாங்கியவர், விலை இறங்கிவிட்டால், ஆட்சித் தலைவர் பிரெடரிக் ஹென்ரிக்கின் பெயரால் வெளியான ஆணையைச் சுட்டி ஒப்பந்தத்தை மறுத்துவிடலாம் என்ற நிலை உருவாயிற்று. இதற்குப் பிரெடரிக்கிடம் முறையிடுவது என்று சந்தையில் பெயர். நீதிமன்றத்தின் துணை இல்லாத இவ்வொப்பந்தங்கள் பெரும்பாலும் நிறைவேற்றப்பட்டன என்பது வியப்புக்குரியது. ஒருமுறை வாக்குத் தவறியவருடன் மறுநாள் யாரும் கைகோக்கமாட்டார்கள் என்பதால், நாணயம் என்ற பெயரே அங்கு ஈடாக நின்றது. நீண்ட காலம் அச்சந்தையில் இருக்க விரும்பியவருக்கு இது ஒரு கட்டுப்பாடு. நாளை பற்றிக் கவலையற்றவருக்கு அது கட்டுப்பாடே ஆகவில்லை.

முற்றமும் கைத்தட்டும்

ஹென்ட்ரிக் டெ கெய்சர் வடிவமைத்த வணிக மன்றம் 1611இல் ரோகின் கால்வாய்க்கரையில் திறக்கப்பட்டது. தூண்கள் சூழ்ந்த அதன் திறந்த முற்றத்தில் ஒவ்வொரு பண்டத்துக்கும் தனியிடம் உண்டு; பங்கு வணிகர் கூடவும் ஓரிடம் இருந்தது. நூற்றாண்டின் பிற்பகுதியில் அவர்கள் காலை 10 முதல் 12 வரை டாம் சதுக்கத்திலும், நண்பகல் 12 முதல் 2 வரை மன்றத்திலும் கூடினர். ஒருவர் கையை நீட்ட, மற்றவர் அதில் அறைந்தால் பேரம் தொடங்கியது. மறு அறையில் அது உறுதியாயிற்று. விலை மாறிக்கொண்டே இருக்கையில் அறைகளும் தொடர்ந்து விழுந்ததால், கைகள் சிவந்துபோயின.

வணிக நேரம் குறுகியதாயிருந்தும் வணிகரின் மனம் அந்நேரத்தோடு ஓயவில்லை. முற்றம் மூடிய பின்னர் விடுதிகளிலும் வீடுகளிலும் பேச்சு தொடர்ந்தது. தவணை ஒப்பந்தங்களுக்கு அன்றே முழுப் பணம் தர வேண்டியதில்லை. தீர்வு நாளில் விலை வேறுபாட்டை மட்டும் கொடுத்துக் கணக்கை நேர்செய்துகொண்டனர். குறித்த விலைக்கு வாங்கும் அல்லது விற்கும் உரிமையைச் சிறு தொகை கொடுத்துப் பெறும் ஒப்பந்தமும், இன்றைய சந்தையினர் ஆப்ஷன் என்பது, அப்போதே புழங்கிற்று. பொருளை முழுதாக வாங்கும் திறன் இல்லாதவரும் அதன் விலையோடு தம் விதியைப் பிணைத்துக்கொள்ள இக்கருவிகள் வழிசெய்தன.

வேகா கண்ட மூவகையினர்

இந்தச் சந்தையை உள்ளிருந்து நோக்கி எழுதியவர் ஜோசப் டி லா வேகா. ஸ்பெயினில் சமய விசாரணையின் கொடுமைக்கு ஆளாகி வெளியேறிய யூதக் குடும்பத்தில் பிறந்த அவர், ஆம்ஸ்டர்டாமில் வாழ்ந்தவர். இளமையிலேயே எபிரேய மொழியில் நாடகம் இயற்றியவர். ஸ்பானிய மொழியில் அவர் எழுதிய ‘குழப்பங்களின் குழப்பம்’ 1688இல் வெளியாயிற்று. பங்குச் சந்தையைப் பற்றிய முதல் நூலாக அது மதிக்கப்படுகிறது. ஒரு தத்துவவாதி, ஒரு வணிகர், ஒரு பங்குதாரர் ஆகிய மூவர் நான்கு உரையாடல்களில் பேசிக்கொள்வதாக அமைந்த அந்நூல், நாட்டின் ஆட்சித் தலைவர் மூன்றாம் வில்லியம் இங்கிலாந்தை நோக்கிப் படை திரட்டுகிறார் என்ற பரபரப்பில் பங்கு விலை சரிந்த அதே ஆண்டில் வந்தது.

வேகா சந்தையினரை மூன்று வகையாகப் பிரித்தார். பிரிவின் அடிப்படை செல்வத்தின் அளவு போலத் தோன்றினாலும், உண்மையில் அது நோக்கமே. முதல் வகையினர் மரபுரிமையாகவோ விலைக்கோ பெற்ற பங்குகளை வைத்துக்கொண்டு ஈவில் வாழ்பவர்கள். விற்கும் எண்ணம் இல்லாததால் விலையின் ஏற்ற இறக்கம் அவர்களைத் தொடுவதில்லை. இரண்டாம் வகையினர், இந்தியச் செய்திகளையும் ஐரோப்பிய அமைதியையும் கணித்துப் பங்குகளை வாங்கித் தம் பெயரில் பதிந்துகொண்டு, நல்ல செய்தி வந்தபின் விற்கும் வணிகர்கள். கைப்பணத்துக்கு வாங்கித் தவணைக்கு விற்று, இடைப்பட்ட வேறுபாட்டை வட்டிபோலப் பெறுபவர்களும் இவர்களில் அடங்குவர். மூன்றாம் வகையினர் சூதாடிகளும் ஊக வணிகரும். தம்மிடம் உள்ளதைவிடப் பன்மடங்கு பங்குகளை வாங்கவும் விற்கவும் துணிந்து, தம் செல்வத்தைத் தாமே சுழற்றிவிட்ட சக்கரத்தில் ஏற்றியவர்கள்.

மூன்றாம் வகையினரின் உடல்மொழியை வேகா நகைச்சுவையோடு விவரிக்கிறார். நகம் கடிப்பதும், விரல்களை நெட்டி முறிப்பதும், நாலடி நடந்து தமக்குத்தாமே பேசிக்கொள்வதும், திடீரெனக் கூட்டத்துக்குள் பாய்ந்து கைகொடுப்பதுமாக அவர்கள் அலைகின்றனர். ஒரே மனிதர் தமக்குள் இரண்டாகப் பிளந்து போராடுவதை அவர் சுட்டுகிறார்: வந்த செய்தி வாங்கச் சொல்கிறது, சந்தையின் போக்கு விற்கச் சொல்கிறது, அறிவு ஒருபுறமும் கூட்டத்தின் அசைவு மறுபுறமும் இழுக்க, கை எதைச் செய்யும் என்று அவருக்கே தெரிவதில்லை. நிகழ்ச்சியைவிட நிகழ்ச்சியின் எதிர்பார்ப்பே விலையை மிகுதியாக அசைக்கிறது என்றும் வேகா கண்டார். எதிர்பார்ப்பிலேயே வாழப் பழகிய மனத்துக்கு நிகழ்ச்சி முடிந்ததும் வெறுமையே எஞ்சுகிறது. அந்த வெறுமையை நிரப்ப அடுத்த பேரம் தேவைப்படுகிறது. இவ்வட்டத்துக்குள் நுழைந்தவர் எளிதில் வெளியேறுவதில்லை என்று அவர் கூறியதன் காரணம் இதுவே.

நூலில் அவர் தரும் நான்கு அறிவுரைகளையும் இந்த நோக்கில் படிக்கலாம். பங்கை வாங்கவோ விற்கவோ எவருக்கும் ஆலோசனை கூறக்கூடாது; வந்த ஆதாயத்தை, விட்டுப்போன ஆதாயத்துக்காக வருந்தாமல் ஏற்றுக்கொள்ள வேண்டும்; சந்தையில் கிடைக்கும் செல்வம் பூதங்களின் புதையல்போல மணியாகத் தோன்றிக் கரியாக மாறக்கூடியது என்று அறிய வேண்டும்; வெல்ல விரும்புபவருக்குப் பொறுமையும் பணமும் இரண்டும் வேண்டும். எப்பங்கு ஏறும் எப்பங்கு இறங்கும் என்பதைப் பற்றி இவற்றில் ஒரு சொல்லும் இல்லை. நான்கும் வணிகர் தம் மனத்தை நடத்தவேண்டிய முறையைப் பற்றியவை. இரண்டாவது அறிவுரை, கிடைத்ததைக் கிடைக்காததோடு ஒப்பிடும் வருத்தமே அடுத்த தவறான பேரத்தின் வித்து என்ற நுட்பத்தை உட்கொண்டது.

சிறு பங்கும் பெரிய கூட்டமும்

கம்பெனியின் வழக்கமான ஒரு பங்கு முகமதிப்பில் 3,000 கில்டர். 1688இல் அதன் சந்தை விலை அதைப்போல் ஐந்து மடங்கையும் கடந்திருந்தது. ஒரு கைவினைஞர் ஆண்டு முழுதும் உழைத்துச் சில நூறு கில்டர்களே ஈட்டிய காலத்தில், இப்பங்கு பொதுமக்களின் கைக்கு எட்டாதது. அத்தடையை உடைத்தது, 1680களில் பரவிய டூக்கட்டோன் பங்கு என்ற ஏற்பாடு. டூக்கட்டோன் என்பது மூன்று கில்டருக்குச் சற்று மேற்பட்ட மதிப்புள்ள வெள்ளி நாணயம். முழுப் பங்கில் பத்தில் ஒரு பகுதியாகக் கற்பனை செய்யப்பட்ட ஒரு பங்கின் விலை ஒரு புள்ளி நகர்ந்தால் ஒரு டூக்கட்டோன் கைமாறும்; மாதத்தின் முதல் நாளில் விலை குறிக்கப்பட்டு, வேறுபாடு தீர்க்கப்படும்; பொதுவான ஒரு கணக்கர் சிறு கூலி பெற்று எல்லாப் பேரங்களையும் பதிந்துகொள்வார். இப்பங்கை வைத்திருப்பவர் கம்பெனியின் பதிவேட்டில் எங்கும் இல்லை. ஈவை நாடவோ, சில ஆண்டுகள் வைத்திருக்கவோ இக்கருவியில் இடமில்லை. விலையின் அசைவு ஒன்றே அதில் வாங்கவும் விற்கவும் கிடைத்தது.

விளைவு விரைவில் தெரிந்தது. முதியோரும் இளைஞரும் பெண்களும் சிறுவர்களும்கூட இந்த வணிகத்தில் இறங்கினர் என்றும், நகரின் தெருக்களில் பங்குப் பேச்சு கேட்காத மூலை இல்லை என்றும் வேகா எழுதுகிறார். இவர்கள் அனைவரும் திடீரெனச் சூதாட்ட மனம் கொண்டவர்களாகப் பிறக்கவில்லை. 1602இல் பணிப்பெண் நீல்ட்கென் கட்டிய 100 கில்டரும் சிறு தொகைதான். ஆனால் அது கப்பல்களோடும் ஈவோடும் பிணைந்த தொகை. எண்பது ஆண்டுகளுக்குப் பின் அதே நகரின் எளிய மக்களுக்குக் கிடைத்த சிறு பங்கு மாதக் கணக்குத் தீர்வோடு மட்டுமே பிணைந்திருந்தது. நுழைவுத் தொகை சிறியதாதலும், தவணை குறுகுதலும், பின்னணியிலுள்ள தொழில் கண்ணிலிருந்து மறைதலும் ஒன்றுசேர்ந்தபோது, மூன்றாவது நோக்கம் சந்தையின் பொதுக் குணமாயிற்று.

பிற்கால உளவியலும் இந்தியச் சந்தையும்

வேகா தம் கண்ணால் கண்டதை 20ஆம் நூற்றாண்டின் ஆய்வாளர் அளந்து பார்த்தனர். ஒரு செயலைத் தொடர்ந்து முன்னறிய முடியாத இடைவெளிகளில் வெகுமதி கிடைக்கும்போது அச்செயல் மிகவும் விடாப்பிடியாகத் தொடரும் என்பதைப் பி. எப். ஸ்கின்னரின் சோதனைகள் காட்டின. ஆதாயம் தரும் மகிழ்ச்சியைவிட அதே அளவு இழப்பின் வலி மிகுதி என்பதை டேனியல் கானெமனும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979இல் ஒரு கோட்பாடாக நிறுவினர். இதன் தொடர்ச்சியாக ஹெர்ஷ் ஷெஃப்ரினும் மேயர் ஸ்டேட்மனும் 1985இல் விளக்கிய இயல்பு, ஏறிய பங்கை அவசரமாக விற்று, இறங்கிய பங்கை விற்க மனமின்றி வைத்திருப்பது. விற்றால் தவறு உறுதியாகிவிடும் என்ற அச்சம் அங்கே முடிவெடுக்கிறது. பணத்தைக் காப்பது என்ற நோக்கத்தின் இடத்தில் தன்மானத்தைக் காப்பது என்ற நோக்கம் வந்து அமர்ந்துவிடுகிறது. பிராட் பார்பரும் டெரன்ஸ் ஓடீனும் 1991 முதல் 1996 வரை ஓர் அமெரிக்கத் தரகு நிறுவனத்தின் 66,465 குடும்பக் கணக்குகளை ஆராய்ந்து, மிக அதிகமாக வாங்கி விற்றவர்கள் ஆண்டுக்கு 11.4 சதவீதமே ஈட்டினர் என்றும், சந்தையின் பொது வளர்ச்சி 17.9 சதவீதம் என்றும் 2000இல் வெளியிட்டனர்.

உந்துதலைப் பற்றியே நேராக ஆராய்ந்தவர் எட்வர்ட் டெசி. புதிர்க்கட்டைகளைத் தாமே விரும்பி அடுக்கிய மாணவர்களுக்கு 1971இல் அவர் பணம் கொடுத்துப் பார்த்தார். பணத்தை நிறுத்தியபின் அவர்களின் ஆர்வம் முன்பிருந்த அளவிலும் குறைந்தது. செயலின் திறத்தில் கிடைக்கும் நிறைவை அகவுந்துதல் என்றும், செயலுக்கு வெளியிலிருந்து வரும் பரிசுக்காக உழைப்பதைப் புறவுந்துதல் என்றும் வேறுபடுத்தும் மரபு இதிலிருந்து வலுப்பெற்றது. பங்கு வணிகத்தில் பரிசும் தண்டனையும் நிமிடந்தோறும் பணமாகவே வருகின்றன. நல்ல கணிப்பு இழப்பில் முடியலாம், மோசமான துணிச்சல் ஆதாயத்தில் முடியலாம். ஆகவே பண முடிவை மட்டும் அளவுகோலாகக் கொள்பவர் தம் திறமையைப் பற்றித் தவறான பாடத்தைக் கற்றுக்கொள்ளும் வாய்ப்பு, வேறு எந்தத் தொழிலையும்விட இங்கு மிகுதி. நலமுள்ள உந்துதல் என்பதை இவ்வாய்வுகளின் வெளிச்சத்தில் வரையறுத்தால், ஒருவர் தம் முடிவை அது எடுக்கப்பட்ட முறையால் மதிப்பிடுவதும், இழக்கத்தக்க அளவை முன்கூட்டியே வகுத்துக்கொள்வதும், விலகி நிற்பதைத் தோல்வியாகக் கருதாமையும் அதன் அடையாளங்கள் எனலாம். வேகாவின் முதல் இரு வகையினரிடம் இவை மூன்றும் இயல்பாக அமைந்திருந்தன. அவர்கள் அறநெறியில் உயர்ந்தவர்கள் என்பது இதற்குக் காரணமாகாது. அவர்களின் வாழ்க்கையும் மதிப்பும் சந்தைக்கு வெளியே வேறொன்றில் ஊன்றியிருந்தன, அவர்கள் கையாண்ட பங்கும் காத்திருக்க இடமளித்தது.

டூக்கட்டோன் பங்கின் இயல்புகள் இன்றைய இந்தியாவின் குறுந்தவணை ஒப்பந்தங்களில் மீண்டும் காணப்படுகின்றன: வாரத்தில் முடியும் தவணை, சிறிய நுழைவுத் தொகை, தொழிலோடு தொடர்பற்ற குறியீட்டெண்ணின் அசைவு. 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று ஆண்டுகளில் பங்கு சார்ந்த எஃப் அண்ட் ஓ (எதிர்காலத் தவணை, ஆப்ஷன்) ஒப்பந்தங்களில் ஈடுபட்ட ஒரு கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்களில் 93 சதவீதத்தினர் இழப்படைந்தனர் என்றும், மொத்த இழப்பு 1.8 லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியது என்றும் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி 2024 செப்டம்பரில் அறிவித்தது. அடுத்த மாதமே அது குறியீட்டெண் ஒப்பந்தத்தின் குறைந்தபட்ச அளவை 15 லட்சம் ரூபாயாக உயர்த்தி, வாரத் தவணை ஒப்பந்தங்களை ஒவ்வொரு சந்தைக்கும் ஒரே குறியீட்டெண்ணுக்கு மட்டுமாகக் குறைத்தது. 1610இன் தடையாணை ஒரு வணிகச் செயலையே குற்றமாக்கி, பயனின்றிப் போனது. 2024இன் விதிகள் ஒப்பந்தத்தின் அளவையும் தவணையையும் மாற்ற முயல்கின்றன. மனிதரிடம் ஆசையை அடக்கச் சொல்லும் அறிவுரை வேகாவின் காலத்திலிருந்து குறைவின்றிக் கிடைத்துவருகிறது. அந்த அறிவுரையைப் பின்பற்ற முடிகிற வடிவில் கருவிகளை அமைக்கும் பொறுப்பு சந்தையை நடத்துவோருக்கும் உண்டு என்பதே ஆம்ஸ்டர்டாமின் எண்பது ஆண்டு அனுபவம் விட்டுச்சென்ற முடிவு.